அவுட்ஃப்ளாங்க்: விலாப்பக்கம் வரும் வினைச்சொல்

மொபைலில் மேப்பைத் திறந்து சிந்தாதிரிப்பேட்டைன்னு தட்டிப் பாருங்க. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு சென்சாரும் ஜம்பர் ஒயரும் வாங்கப் போகும்போது பறக்கும் ரயிலில் இருந்து இறங்குவோமே, அந்த ஊர்தான். கொஞ்சம் ஜூம் அவுட் பண்ணினால் ஒன்று கண்ணில் படும். நேராகக் கடலுக்குப் போக வேண்டிய கூவம், இந்த இடத்தில் பெரிய வளைவு ஒன்று போட்டுத் திரும்புது. மேற்கு, வடக்கு, கிழக்கு என்று மூன்று பக்கமும் ஆறு. தெற்கே அண்ணா சாலை இருக்கும் பக்கம் மட்டும்தான் தரை திறந்து கிடக்கு.

இப்போ ஒரு கற்பனை. உங்ககிட்ட நூறு வீரர்கள். எதிரி தெற்கிலிருந்து வரான். வளைவின் வாயில், இந்த ஆற்றங்கரையிலிருந்து அந்த ஆற்றங்கரை வரைக்கும் ஒரே வரிசையாக ஆட்களை நிறுத்துறீங்க. முகம் தெற்கே, இடது முனையும் வலது முனையும் தண்ணியில். எதிரி உங்களை நேருக்கு நேர்தான் அடிக்க முடியும், பக்கத்தில் சுற்றி வர வழியே இல்லை. இதே நூறு பேரைத் தீவுத்திடல் மாதிரி ஒரு வெட்டவெளியில் நிறுத்துங்க. வரிசையின் ரெண்டு முனையும் அந்தரத்தில் தொங்கும். எதிரி உங்க முன்னாடி கொஞ்சம் பேரை நிறுத்திப் போக்குக் காட்டிட்டு, மிச்சப் பேரோடு ஒரு முனையைத் தாண்டிச் சுற்றி வந்து, உங்க விலாவில் கை வைப்பான். அப்படி வந்துட்டா, அவன் உங்களை ‘அவுட்ஃப்ளாங்க்’ பண்ணிட்டான்னு அர்த்தம்.

இந்தச் சொல்லை நீங்க ஏற்கெனவே நிறைய இடத்தில் கேட்டிருப்பீங்க. ஸ்ட்ராட்டஜி கேமில் வரும், போர்ச் செய்தியில் வரும், பிளேஸ்மென்ட் தேர்வின் வெர்பல் பகுதியில் நாலு விடைகளில் ஒன்றாக வந்து உட்காரும். நம்மில் பெரும்பாலோர் அதைத் ‘தோற்கடித்தல்’ என்றோ ‘சுற்றி வளைத்தல்’ என்றோ எடுத்துக்கிட்டு நகர்ந்துடுவோம். ரெண்டுமே சரியில்லை. தோற்கடிக்கிறது ஒரு முடிவு, அவுட்ஃப்ளாங்க் அந்த முடிவுக்குப் போகிற பாதைகளில் ஒன்று. அதுவும் ரொம்ப குறிப்பான ஒரு பாதை.

ஃப்ளாங்க் என்றால் உடம்பில் விலா எலும்புக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கிற பக்கவாட்டுச் சதை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். படையையும் ஒரு உடம்பாகப் பார்த்து, முன்னாடி முகம், பின்னாடி முதுகு, ரெண்டு பக்கமும் விலா என்று பெயர் வெச்சாங்க. ‘அவுட்’ என்கிற முன்னொட்டு மற்ற சொற்களில் ‘மிஞ்சுதல்’ என்ற பொருளைத்தான் தரும். அவுட்ரன் என்றால் ஓட்டத்தில் மிஞ்சுவது, அவுட்ஸ்மார்ட் என்றால் சாமர்த்தியத்தில் மிஞ்சுவது. இங்கே மட்டும் அது நிஜமாகவே இடத்தைக் குறிக்குது. எதிரியின் விலா எங்கே முடியுதோ அந்த முனைக்கு வெளியே, அதைத் தாண்டிப் போறது. இதன் பெரியண்ணன் ‘அவுட்மனூவர்’. அதன் மூலம் லத்தீனில் ‘கையால் வேலை செய்தல்’. வயலுக்குப் போடும் எருவைச் சொல்கிற ‘மெனூர்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தது. போர்த்தந்திரமும் எருவும் பங்காளிகள்னா கொஞ்சம் வேடிக்கைதான்.

உடம்பை வெச்சுப் படைக்குப் பெயர் சூட்டுறது ஐரோப்பாக்காரன் மட்டும் செய்த வேலை இல்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் வியூகத்தைப் பிரிக்கும்போது நடுப்பகுதியை ‘உரஸ்யம்’ என்கிறது, அதாவது மார்பு. ரெண்டு கோடியிலும் ‘பக்ஷம்’, இறக்கை. மார்புக்கும் இறக்கைக்கும் நடுவில் ‘கக்ஷம்’, அக்குள். பக்ஷம்தான் நம்ம ‘பக்கம்’. கக்ஷம்தான் குடையை இடுக்கிக்கிட்டுப் போகும் ‘கக்கம்’. தினமும் வாயில் புரளும் ரெண்டு சொல்லுக்குள்ளே ஒரு படையணியே நிக்குது பாருங்க.

சரி, பழைய தமிழில்? படையின் முன்பகுதிக்குத் தார், தூசி என்று பெயர் இருக்கு. பின்பகுதிக்குக் கூழை. ஆனால் விலாவைச் சுற்றிப் போய் அடிப்பதற்கு என்று, வஞ்சி, உழிஞை மாதிரி தனிப்பெயரோடு ஒரு திணை இல்லை. எனக்குத் தோன்றும் காரணம் இது: சங்கக் கவிதையின் பெருமிதம் எல்லாம் நேருக்கு நேர் நிற்பதில் இருந்தது. மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதிய சேரமானுக்கு முன்னால் பாய்ந்த ஆயுதம் முதுகு வரை ஊடுருவிவிட்டது. முதுகில் புண் பட்டதே என்ற நாணத்தில் அவன் வடக்கிருந்து உயிர்விட்டான் என்று புறநானூறு பேசுது. முன்னாடி குத்துப்பட்டவனுக்கே இந்த வெட்கம் என்றால், சுற்றி வந்து விலாவில் அடிப்பவனைப் பாட்டில் ஏற்றுவாங்களா? அதுக்காக நம்ம ஆட்களுக்குத் தந்திரம் தெரியாதுன்னு சொல்லிட முடியாது. போர் தொடங்குவதே வெட்சித்திணையில், எதிரி ஊர் மாட்டைக் களவாக ஓட்டிக்கிட்டு வருவதில்தான். வள்ளுவர் ‘இடனறிதல்’ என்று ஒரு அதிகாரமே போட்டு, வளைக்கத் தக்க இடம் கிடைக்காமல் வேலையைத் தொடங்காதே என்கிறார்.

விலாவில் அடிச்சா ஏன் அவ்வளவு வலி? இதுக்குக் கணக்கு ஒன்று இருக்கு. போட்டவர் ஜெனரல் இல்லை, நம்ம ஆள், ஒரு ஆட்டோமொபைல் எஞ்சினியர். ஃபிரெடரிக் லாங்கெஸ்டர் என்று பெயர். பர்மிங்ஹாமில் தன் பெயரிலேயே கார் செய்தவர். முதல் உலகப்போர் நடக்கும்போது, 1916இல், விமானப் போர் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் ரெண்டு டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் எழுதி ஒரு விதியைக் கண்டுபிடிச்சார்: தூரத்திலிருந்து சுடும் ஆயுதம் இருக்கும்போது ஒரு படையின் பலம் அதன் எண்ணிக்கை இல்லை, எண்ணிக்கையின் வர்க்கம். எம்-2 படிச்சவங்க அரைப் பக்கத்தில் தேற்றிடலாம்.

போட்டுப் பார்ப்போம். நீங்க 100 பேர், நான் 60 பேர், ஆயுதமும் குறியும் சமம். நேருக்கு நேர் மோதினால் 100இன் வர்க்கம் 10,000, அதில் 60இன் வர்க்கம் 3,600ஐக் கழிச்சால் 6,400. அதன் வர்க்கமூலம் 80. அதாவது என் ஆட்கள் அறுபது பேரும் காலி, உங்களில் 80 பேர் உயிரோடு நிப்பாங்க. இதில் நான் மோதவே வரக்கூடாது.

இப்போ நான் உங்க வரிசையின் ஒரு முனைக்கு வெளியே வந்துட்டேன். நீங்க நூறு பேரும் தெற்கே பார்த்து நிக்கிறீங்க, நான் கிழக்கே. என்னைப் பார்த்துச் சுட முடிகிறவங்க முனையில் இருக்கும் பத்துப் பேர்னு வெச்சுக்குவோம். மிச்சப் பேருக்கு முன்னாடி சொந்த ஆளின் முதுகுதான் இருக்கு. சுட்டால் அவன்தான் விழுவான். என் 60க்கு எதிரே 10. 3,600இல் 100 கழிஞ்சால் 3,500. அடுத்த பத்துப் பேர், மறுபடி ஒரு 100 கழியும். இப்படிப் பத்துத் தடவை கழிச்சால் மிச்சம் 2,600, வர்க்கமூலம் கிட்டத்தட்ட 51. உங்க நூறு பேரும் போயாச்சு. எனக்கு நஷ்டம் 9 பேர்.

ஆள் அதே ஆள், துப்பாக்கி அதே துப்பாக்கி. முகம் திரும்பியிருக்கும் திசை மட்டும்தான் மாறிச்சு. கணக்குக்குள்ளே ஒரு அனுமானம் ஒளிஞ்சிருக்கு என்பதைக் கவனிச்சிருப்பீங்க: வரிசை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்து அணிவகுக்க உங்களுக்கு நேரம் கிடைக்கலை. அந்த நேரம் கிடைச்சுட்டா பழையபடி 100க்கு 60, நான் அவுட். அதனால் அவுட்ஃப்ளாங்க் பண்றது வழியைக் கண்டுபிடிக்கிறதோடு முடியலை, எதிரி திரும்புறதுக்குள்ளே போய்ச் சேரணும். திரும்ப முடியாத கனமான பொருளை அவன் முன்னாடி நட்டு வெச்சிருந்தால் இன்னும் நல்லது. பீரங்கி மாதிரி.

பீரங்கி என்றதும் காவேரிப்பாக்கத்துக்குப் போகணும். சென்னையிலிருந்து பெங்களூர் ஹைவேயில் காஞ்சிபுரம் தாண்டி, வாலாஜாபேட்டைக்கு முன்னாடி வரும் ஊர். இப்போ ராணிப்பேட்டை மாவட்டம். பெரிய ஏரி இருக்கும். பஸ்ஸில் போகும்போது தூங்கிக்கிட்டே நாம் கடந்து போகும் இந்த இடத்தில் 1752 பிப்ரவரியில் நடந்ததுதான், தமிழ் மண்ணில் எனக்குத் தெரிஞ்சு இந்த வினைச்சொல்லுக்கு மிகச் சுத்தமான உதாரணம்.

பின்கதை சுருக்கமாக: ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிப் ஒரு பக்கம், முகமது அலி ஒரு பக்கம். முதலாமவர் பின்னால் பிரெஞ்சுக்காரன், ரெண்டாமவர் பின்னால் ஆங்கிலக் கம்பெனி. 1752 தொடக்கத்தில் சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப் பூந்தமல்லி, பரங்கிமலை வரை வந்து சூறையாடிவிட்டுப் போனார். ராபர்ட் கிளைவ் துரத்திக்கிட்டுப் போனார். கிளைவிடம் ஏறக்குறைய 380 ஐரோப்பியர், 1,300 சிப்பாய்கள், ஆறு பீரங்கி. ராஜா சாகிப்பிடம் 400 பிரெஞ்சுக்காரர், 2,000 சிப்பாய்கள், 2,500 குதிரை, ஒன்பது பீரங்கி. குதிரை இருக்கிறவன் எப்பவும் வேகமானவன், வெட்டவெளியில் விலாவைச் சுற்றும் வசதி அவனுக்குத்தான் அதிகம் என்பதை மனசில் வெச்சுக்குங்க.

பொழுது சாயும் நேரத்தில் கிளைவின் படை காவேரிப்பாக்கத்தை நெருங்குது. திடீரென்று சாலைக்கு வலப்பக்கம் இருந்த மாந்தோப்பிலிருந்து பீரங்கிகள் வெடிக்குது. ஒன்பதும் அங்கேதான் இருந்தது. தோப்புக்கு முன்னாடி பள்ளமும் மண்மேடும், அதனால் நேராக ஏறிப் போனால் சாவுதான். சாலைக்கு இடப்பக்கம் ஒரு காய்ந்த கால்வாய்க்குள் பிரெஞ்சுக் காலாட்படை. வெளியே வயலில் குதிரைகள். இப்படி மாட்டிக்கிட்டு, நிலா வெளிச்சத்தில் மணிக்கணக்காகச் சண்டை. கிளைவின் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுறாங்க. இப்படியே விடிஞ்சால் லாங்கெஸ்டர் கணக்கு யார் பக்கம் போகும்னு சொல்லத் தேவையில்லை.

கிளைவ் உள்ளூர் மொழி தெரிஞ்ச ஒரு சார்ஜென்ட்டைச் சில சிப்பாய்களோடு இருட்டில் அனுப்பினார். அவர் தோப்பைச் சுற்றிப் போய்ப் பார்த்துட்டு வந்து சொன்ன சேதி ஒரே வரி: பின்பக்கம் காவலே இல்லை. உடனே 200 ஐரோப்பியரும் 400 சிப்பாய்களும் பெரிய வட்டமடிச்சுக் கிளம்பினாங்க. கிளைவும் பாதி வழி கூடப் போனார். ஆனால் அவர் நகர்ந்தது தெரிஞ்சதும் முன்னாடி சண்டை போட்டுக்கிட்டிருந்தவங்க தளர ஆரம்பிக்க, அவர் அடிச்சுப் பிடிச்சுத் திரும்பி வந்து அவங்களை நிறுத்த வேண்டியதாயிடுச்சு. பாடப்புத்தகத்தில் வராத பகுதி இது. சுற்றிப் போகிறவன் ஜெயிக்கணும்னா, அது வரைக்கும் முன்னாடி நிற்கிறவன் அடி வாங்கிக்கிட்டே நிக்கணும்.

சுற்றிப் போன படையில் சிம்மண்ட்ஸ் என்ற இளம் அதிகாரி தனியாக முன்னே போய் உளவு பார்த்தார். ஒரு பள்ளத்தில் எதிரிச் சிப்பாய்கள் அவரை மறிச்சாங்க. அவர் பிரெஞ்சில் பதில் சொன்னார். நம்ம அதிகாரிதான் போலன்னு விட்டுட்டாங்க. தோப்புக்குள் எட்டிப் பார்த்தால், பீரங்கிகளைச் சுற்றி இருந்தவங்க எல்லாரும் முன்பக்கம் நடக்கும் சண்டையையே வேடிக்கை பார்த்துக்கிட்டிருக்காங்க. திரும்பிப் போய்ப் படையைக் கூட்டிக்கிட்டு வந்தார். முப்பது கஜ தூரத்துக்குள் வந்து ஒரே ஒரு சுற்றுச் சுட்டாங்க, அவ்வளவுதான். பீரங்கியைத் திருப்பக்கூட யாரும் முயற்சி பண்ணலை, ஓடிட்டாங்க. ஒரு கூட்டம் பக்கத்தில் இருந்த சத்திரத்துக்குள் நெரிச்சுக்கிட்டுப் புகுந்து அப்படியே சரணடைஞ்சது. தோப்பில் பீரங்கி நின்றதும், சாலையில் இருந்த மிச்சப் படையும் இருட்டில் கலைஞ்சு போச்சு.

இதைக் கிளைவின் புகழ்பாட எழுதலை. அந்த ஆள் பின்னாடி வங்காளத்தில் செய்ததெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் மாந்தோப்பில் இருந்தவங்க செய்த தப்பு சுவாரசியமானது. அவங்க சோம்பேறிகள் இல்லை, முன்பக்கத்தை மிக நல்லாக் கட்டியிருந்தாங்க. பள்ளம், மேடு, பீரங்கி, பதுங்கிய காலாட்படை எல்லாமே கச்சிதம். அந்தக் கச்சிதம்தான் அவங்க கண்ணைக் கட்டிப் போட்டுடுச்சு.

இப்போ பயன்பாட்டுக்கு வருவோம். அவுட்ஃப்ளாங்க் பண்ண எதிராளிக்கு ஒரு ‘முன்பக்கம்’ இருக்கணும். அவன் எதையோ எதிர்பார்த்து ஒரு திசையில் தயாராக நிக்கணும். ராமன் மரத்துக்குப் பின்னால் நின்று வாலியை அடிச்சது அவுட்ஃப்ளாங்க் ஆகாது. ராமன் அங்கே இருப்பதே வாலிக்குத் தெரியாது, அது மறைந்திருந்து தாக்குவது, ஆம்புஷ். அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் மாட்டினதும் அவுட்ஃப்ளாங்க் இல்லை, அது நாலாபக்கமும் அடைபட்டது. ‘தலைமறைவாக இருந்தவரைப் போலீசார் சுற்றி வளைத்தனர்’ என்று பேப்பரில் வருமே, அதுவும் அப்படித்தான். விலாவைத் தாண்டுறது வளைப்பதில் போய் முடியலாம். ஆனால் ஒரு பக்கம் தாண்டினாலே வேலை முடிஞ்சுடும் என்பதுதான் இந்தச் சொல்லின் அழகு.

சரியான உதாரணம் கபடியில் இருக்கு. ரெய்டர் வரும்போது அவன் கண்ணெல்லாம் எதிரே நிற்கும் கவர் ஆட்கள் மேலே. கவர் லேசாகப் போக்குக் காட்டுவான். ரெய்டர் அவனைத் தொட ஒரு அடி கூடுதலாக உள்ளே வைப்பான். அந்த நொடியில் கார்னர் ஆள் பின்னாடி சுற்றி வந்து கணுக்காலைப் பிடிப்பான். மாந்தோப்புக் கதை முழுக்க இந்த மூணு நொடியில் இருக்கு, இல்லையா?

ஊருக்கு வெளியேயும் ஒரு உதாரணம் பார்க்கலாம். 1941 டிசம்பர் கடைசியில் மலாயாவில் கம்பார் என்ற இடத்தில் பதினோராவது இந்திய டிவிஷன் ஜப்பான்காரனை நேருக்கு நேர் நாலு நாள் தடுத்து நிறுத்துச்சு. நல்ல மலைமுகடு, நல்ல குறி. ஆனால் ஜப்பான் படை ஒன்று படகில் ஏறி மேற்குக் கரையோரமாக வந்து தெலுக் ஆன்சன் பக்கம், முதுகுக்குப் பின்னால் இறங்கிடுச்சு. தோற்காமலே பின்வாங்க வேண்டியதாயிடுச்சு. கடலைத் தன் விலாவுக்குச் சுவர்னு நினைச்சவனுக்கு அது எதிரியின் ரோடாக மாறிடுச்சு. அடுத்த ஆண்டு பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் விழுந்தது.

போர்க்களத்துக்கு வெளியே இந்தச் சொல் அதிகம் வருவது வியாபாரத்தில். கடலூரிலிருந்து கிளம்பிய சிக் ஷாம்பு கதையை இதற்குச் சொல்லலாம். பெரிய கம்பெனிகள் பாட்டிலில், நகரத்துக் கடையில், டிவி விளம்பரத்தில் பலமாக நின்றன. சி.கே. ரங்கநாதன் அந்த முன்பக்கத்தில் மோதலை. தன் அப்பா சின்னி கிருஷ்ணன் முன்னோடியாக இருந்த சாஷேயை எடுத்துக்கிட்டு, கிராமத்துப் பெட்டிக்கடை வழியாகப் போனார். பின்னாடி ஐம்பது காசுக்கும் வித்தாங்க. பாட்டிலுக்குக் காசு இல்லாத வீடுகள்தான் அந்தச் சந்தையின் காவல் இல்லாத தோப்பு. அரசியலில் இது கொஞ்சம் வேற மாதிரி வரும். ஒரு கட்சி தன்னை ஏழைகளின் கட்சின்னு சொல்லிக்கிட்டிருக்கும்போது, இன்னொரு கட்சி அதைவிட ஒரு படி மேலே போய் அதே பக்கத்தில் நின்னுட்டா, இடப்பக்கமாக அவுட்ஃப்ளாங்க் பண்ணிட்டாங்கன்னு எழுதுவாங்க. எதிர்த்திசையில் போறது இல்லை, அதே திசையில் தாண்டிப் போறது. எழுதும்போது இலக்கணம் எளிது: அது செயப்படுபொருள் குன்றா வினை, யாரை என்பது கட்டாயம் வரணும். ‘சென்னை மும்பையை அவுட்ஃப்ளாங்க் செய்தது’ என்று ஸ்கோரைப் பார்த்து மட்டும் எழுதாதீங்க. மும்பை எதற்குத் தயாராக நின்னுச்சு, சென்னை எந்தப் பக்கமாக வந்துச்சுன்னு சொல்ல முடிஞ்சால்தான் அந்த வாக்கியம் நிற்கும்.

தமிழில் ஒரே சொல்லாகச் சொல்லணும்னா? ‘பக்கவாட்டில் சுற்றி வளைத்துத் தாக்குதல்’ என்பது மூச்சு வாங்குது. ‘பக்கம் வளைத்தல்’ பரவாயில்லை. எனக்கென்னவோ ‘சுத்திக்கிட்டுப் போய் அடிச்சான்’ என்று மைதானத்தில் சொல்றதே போதும்னு தோணுது.

மறுபடி சிந்தாதிரிப்பேட்டைக்கு வரேன். ஆற்று வளைவில் படை நிறுத்துறதெல்லாம் நாம் போட்ட கற்பனைதான். நிஜத்தில் அந்த வளைவுக்குள் வந்தது படை இல்லை, தறி. 1734இல் ஜார்ஜ் மார்ட்டன் பிட் ஆளுநராக இருந்தபோது, கம்பெனிக்குத் துணி போதலைன்னு, சுங்கு ராமச் செட்டியின் தோட்டமாக இருந்த இந்த நிலத்தில் நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் சாயமிடுகிறவர்களையும் கொண்டுவந்து குடியேற்றினாங்க. சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆச்சுன்னு சொல்வாங்க. கோட்டைக்கும் இதுக்கும் ரெண்டு மூணு கிலோமீட்டர்தான். ஆனால் கோட்டை மதிலுக்கு உள்ளே இல்லை, வெளியே.

இது ஏன் முக்கியம்னா, மதராஸ் ரெண்டு தடவை பெரிய அளவில் அவுட்ஃப்ளாங்க் ஆச்சு. 1767இல் ஹைதர் அலி கம்பெனிப் படையைத் திருவண்ணாமலைப் பக்கம் இழுத்துப் பிடிச்சு வெச்சிருந்தார். அந்த நேரத்தில், பதினேழு வயதுகூட நிரம்பாத அவர் மகன் திப்பு ஒரு குதிரைப்படையோடு நேராக மதராஸின் புறநகருக்குள் வந்துட்டார். துரைமார்களின் தோட்ட வீடுகள் சூறையாடப்பட்டன. ஆளுநரே சிக்கிக்கொள்ள இருந்து தப்பினார்.

ரெண்டாவது தடவைதான் உச்சம். 1769 மார்ச்சில் ஹைதர் கர்னல் ஸ்மித்தின் படையைத் தெற்கே வெகுதூரம் இழுத்துக்கிட்டுப் போனார். அப்புறம் தன் காலாட்படை, பீரங்கி, மூட்டை முடிச்சு எல்லாத்தையும் மலைக்கணவாய் வழியாக ஊருக்குத் திருப்பி அனுப்பிட்டு, 6,000 குதிரையும் 200 காலாளும் மட்டும் எடுத்துக்கிட்டு வடக்கே திரும்பினார். மூன்றரை நாளில் 130 மைல். மார்ச் 29ஆம் தேதி மதராஸுக்கு ஐந்து மைல் பக்கத்தில் வந்து நின்னார். அவரிடம் கோட்டையை உடைக்க ஒரு பீரங்கி கிடையாது. தேவையும் படலை. கம்பெனியின் பலம் முழுக்க எங்கோ தெற்கே வந்துக்கிட்டிருந்தது. ஸ்மித்தை அப்படியே நிறுத்துங்க, பேச டூப்ரேயை அனுப்புங்கன்னு ஆள் அனுப்பினார். ஏப்ரல் முதல் வாரத்தில் உடன்படிக்கை கையெழுத்தாச்சு. பிடிச்ச இடங்களை ரெண்டு பேரும் திருப்பிக் கொடுப்பது, ஒருத்தரை யாராவது தாக்கினால் மற்றவர் உதவிக்கு வருவது. லாங்கெஸ்டர் கணக்கில் ஒரு கழித்தல்கூட நடக்காமல் கிடைச்ச வெற்றி இது.

கம்பெனிக்கு எது விலா? கோட்டை நல்லாத்தான் இருந்தது. கோட்டைக்கு வெளியே இருந்த கறுப்பர் நகரம், மயிலாப்பூர், சாந்தோம், தறி ஓடிக்கிட்டிருந்த சிந்தாதிரிப்பேட்டை, இவைதான் விலா. கோட்டையை யாராலும் எடுக்க முடியாதபோதும், துணியும் அரிசியும் வரியும் இந்தப் பக்கங்களிலிருந்துதான் வந்தது. அங்கே குதிரை வந்து நின்னா, உள்ளே இருக்கும் பீரங்கி வெறும் இரும்பு. ராணுவப் புத்தகத்தில் விலா என்பது ஒரு கோட்டின் முனை. ஊர்ல அது வீடுகள்.

அந்த அதிர்ச்சியில் கம்பெனி செய்த வேலையை இன்னிக்கும் பார்க்கலாம். கறுப்பர் நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் பெரிய மதில் எழுந்தது, கட்டிய கான்ட்ராக்டர் பால் பென்ஃபீல்ட். மதிலுக்காக மக்களிடம் வரி போட நினைச்சாங்க. சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் வால்டாக்ஸ் ரோடு பெயரில் அந்த வரி மட்டும் மிச்சம். மதிலின் ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்காவுக்கு அடியில் இருக்கு. சிந்தாதிரிப்பேட்டை மதிலுக்கு வெளியேதான் நின்னது. ஒரு விலாவை மூடினால் அதற்கு அடுத்த இடம் புது விலாவாகும், அவ்வளவுதான்.

உடன்படிக்கையைக் கம்பெனி காப்பாத்தலை. 1771இல் மராத்தியர் மைசூரைத் தாக்கினபோது உதவி போகலை. 1780இல் ஹைதர் மறுபடி இறங்கினார். இந்த முறை மதராஸைச் சுற்றியிருந்த நாட்டுப்புறத்தையே எரிச்சுக் காலி பண்ணினார். மதில் மேல் ஒரு குண்டுகூட விழத் தேவையில்லை, உள்ளே வரும் நெல் நின்னுட்டாப் போதும். கிராமத்து ஜனம் பசியோடு ஊருக்குள் குவிஞ்சது. பஞ்சத்தில் வந்தவங்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் மணியக்காரர் சத்திரம் தொடங்கினாங்க. அந்தச் சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னையில் வயசானவங்ககிட்ட வழி கேட்டுப் பாருங்க, ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியா?’ன்னு திருப்பிக் கேட்பாங்க.